கேட்டில் நான் ஒட்டிய பெயர்

பூட்டிக் கிடக்கும் பழைய வீடு ஒன்றை வாங்கி, சரிசெய்து வாடகைக்கு விட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. வீட்டுக்காரர்களைத் தேடி, போன மாதம் இரண்டு சனிக்கிழமைகள் ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். 

முதல் சனிக்கிழமை காலை 8.20க்கு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன். டிக்கெட் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு மலேசிய ரிங்கிட். இறங்கி, சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. ஆளில்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்: கூரையில் செடி முளைத்திருக்கும், தண்ணீர் மீட்டர் ஓடாது, கேட்டில் பில்கள் செருகியிருக்கும். பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டில் நகராட்சியின் மதிப்பீட்டு வரி பில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பில், அதுவும் புதியது. பழைய பில்களை யாரோ எடுத்துப் போகிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அதில் உரிமையாளர் பெயர் மாணிக்கம் என்று இருந்தது.

"திரு. மாணிக்கம் அவர்களே, காலியாக இருக்கும் உங்கள் வீட்டை வாங்க விரும்புகிறேன்" என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, என் கைப்பேசி எண்ணோடு கேட்டில் ஒட்டினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் ஆறு வெள்ளிக்கு ஐஸ் கச்சாங் வேறு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. "மாணிக்கம் பேசறேன் தங்கச்சி. சனிக்கிழம வந்து பாரு. புடிச்சா அஞ்சாயிரம் வெள்ளி புக்கிங் குடு. வேற ஆளும் கேக்குறான் லா."

யாரிடமும் சொல்லாமல், அஞ்சாயிரத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பத்து மணிக்கு அந்த ஆள் கேட்டில் நின்றார். நாற்பது வயது இருக்கும். என் தாளைக் காணோம். பூட்டு பளபளவென்று புதிதாக இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அவர் பின்னாலேயே வந்து கேட்டை இழுத்துச் சாத்தினார்.

உள்ளே ஒரே இருட்டு. விளக்குச் சுவிட்சை அவர் போன் வெளிச்சத்தில் சுவர் சுவராகத் தேடினார். சொந்த வீட்டில் சுவிட்ச் எங்கே என்று தெரியாதா? கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சாமி அலமாரியில் வாடிய பூவும், குத்துவிளக்கில் மீதி எண்ணெயும் இருந்தன.

"இங்க யாரு அண்ணே வெளக்கு ஏத்துறா?"

"யாரோ ஏத்துறாங்க. காசு கொண்டாந்தியா இல்லையா?"

அவர் வாசலுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.   அப்போதுதான் கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்கார முஸ்லிம் பெரியவர்; எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள்.

"உள்ள யாரு?"

"நான் மாணிக்கம்" என்றார் இவர்.

"மாணிக்கம் மவுத்தாகி நாலு வருஷம் ஆச்சு. நீ யாரு?"

அந்த ஆள் கேட்டைத் திறந்து, நானாவைத் தள்ளிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார். நானாதான் எனக்கு விவரம் சொன்னார்.

பட்டா மாற்றாததால் பில் இன்னும் இறந்தவர் பெயரில் வருகிறது. அவர் மனைவி சுங்கை பாக்காப்பில் மகளோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் தனியாக பஸ்ஸில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவாராம். நானா அவரைக் கூப்பிட்டு, போனை என்னிடம் கொடுத்தார்.

"நேத்து வந்தேம்மா, சாவி சேரல. சாவிக்கொத்த மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்னு நெனச்சு திரும்பிட்டேன்" என்றார் அந்த அக்கா. பிறகு குரல் இறங்கியது. "சேந்திருந்தா, அவன் உள்ள இருந்திருப்பானா?"

 நானும் நானாவும் போலீசில் புகார் கொடுத்தோம்.

வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பில்லில் பார்த்த பெயரை வெளியே எழுதாதீர்கள், "காலி" என்ற சொல்லையும்தான். முதலில் அக்கம்பக்கத்துக் கடையில் கேளுங்கள். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி அவர்களிடம் கொடுங்கள். நில அலுவலகத்தில் உரிமையாளர் யாரென்று பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். தனியாக உள்ளே போகவே போகாதீர்கள்.

85 வெள்ளிக்கு நல்ல பூட்டு வாங்கி, சாவியை நானாவிடம் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அக்கா இரண்டு வெள்ளிக்கிழமையாக வரவில்லை. கூப்பிட்டு, நான் துணைக்கு வருகிறேன் என்றேன்.

"உன்னையும் எனக்குத் தெரியாதேம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.