ஜீப்காரர்களின் முதுகு

எங்கள் தொழிலில் ஆளின் முகத்தை அப்புறம்தான் பார்ப்போம். முதலில் முதுகைத்தான் பார்ப்போம். ஆவடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே, இவர் நாளெல்லாம் பைக்கில் சுற்றுகிறவரா, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவரா, குழந்தையை ஒரே பக்க இடுப்பில் தூக்குகிறவரா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கூச்சப்பட வேண்டாம், எழுதுகிற நானும் அப்படித்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குப் பிடிபடாத ஒரு வகை முதுகு வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேடு பள்ளத்தில் ஜீப் ஓட்டுகிறவர்களின் முதுகு. நல்ல ரோடு பக்கத்திலேயே இருக்க, அதை விட்டுவிட்டு சேற்றிலும் கல்லிலும் வண்டியை இறக்கி, எலும்பெல்லாம் குலுங்கி, திங்கட்கிழமை என் கட்டிலில் குப்புறப் படுத்து முனகிவிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி கிளம்புகிறவர்கள். இவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் நானும் உள்ளே போய் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கட்டைவிரல்

உண்மையில் முதலில் வந்தது முதுகு இல்லை, ஒரு கட்டைவிரல். அதற்குச் சொந்தக்காரர் சரவணன். தேனிப் பக்கத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்து, அம்பத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. செல்போனை நோண்டி வந்ததா என்று கேட்டேன், இல்லை. கிரிக்கெட்டா என்றேன், அதுவும் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஸ்டியரிங் அடிச்சிருச்சு மேடம்" என்றார்.

ஸ்டியரிங் எப்படி அடிக்கும்? அவரே விளக்கினார். முன் சக்கரம் பெரிய கல்லில் இடிக்கும்போது ஸ்டியரிங் தானாக வெடுக்கென்று திரும்புமாம். அப்போது கட்டைவிரல் வளையத்துக்கு உள்பக்கம் கோத்திருந்தால், நடுக்கம்பி வந்து விரலைத் தட்டிவிடுமாம். அதனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வெளியே வைத்துத்தான் பிடிக்க வேண்டுமாம். "தெரிஞ்சும் ஏன் உள்ளே வெச்சீங்க?" என்றேன். பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டாராம். எனக்கு அது பிடித்திருந்தது; பயந்ததை இவ்வளவு நேராகச் சொல்கிற ஆண்கள் என் கிளினிக்குக்கு அதிகம் வருவதில்லை. விரலை அசையாமல் கட்டிவிட்டு, வீக்கம் வடிகிற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்றேன். ஒழுங்காகத் தலையாட்டினார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஓட்ட மாட்டேன் மேடம், சத்தியமா. ஆனா பக்கத்து சீட்ல உக்காந்துட்டுப் போகலாம்ல?"

வலி ஒருவருக்கு, வந்தது நாலு பேர்

சரவணன் மூலம் அடுத்து வந்தவர் பஷீர் பாய். குமணன்சாவடியில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார். நல்ல உயரம், நல்ல குரல், கழுத்தில் பிடிப்பு. ஆனால் அவர் தனியாக வரவில்லை. கட்டுப் போட்ட விரலோடு சரவணன், மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் கலைச்செல்வி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான தனசேகர் என்று ஒரு ஜீப் நிறைய வந்து இறங்கினார்கள். தரையெல்லாம் செம்மண் காலடி. என்னிடம் வருகிறவர்களோடு மனைவி வருவார், மகன் வருவான். வேறு வேறு ஊர், வேறு வேறு வேலை, வேறு வேறு வயசில் ஒரு கும்பல் வந்து பார்த்ததில்லை.

"எப்பலேர்ந்து வலிக்குது பாய்?" என்றேன். "நேத்துலேர்ந்துதாம்மா" என்றார் அவர். பின்னாலிருந்து, "ரம்ஜானுக்கு முன்னாடிலேர்ந்து" என்றார் தனசேகர். "ராத்திரில தூக்கம் கெடுதா?" "அதெல்லாம் இல்லம்மா." "அவங்க ஊட்டுக்காரம்மா வேற மாதிரி சொன்னாங்களே" என்றார் கலைச்செல்வி. நான் பேனாவை வைத்துவிட்டு, நீங்களெல்லாம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன். கலைச்செல்விதான் பதில் சொன்னார்.

"வலி அவருக்குத்தான் மேடம். ஆனா அவர் உங்ககிட்ட பொய் சொல்லுவாரு. அதான் நாங்க."

வானம் மட்டும் தெரிந்த டிரைவர்

பாயின் கழுத்து சரியாவதும் திரும்பப் பிடிப்பதுமாக இருந்தது. பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார் என்று அவருடைய சாட்சிகள் மூவரும் சொன்னார்கள். அப்படியானால் கோளாறு உட்காருகிற விதத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கிளம்பிப் போனேன். பூந்தமல்லி தாண்டி, செங்கல் சூளைக்கு மண் எடுத்துப் பள்ளமாகிப் போன தனியார் நிலம். சொந்தக்காரரே ஒரு ஜீப் பிரியர் என்பதால் இவர்களை விட்டிருந்தார்.

பாய் வண்டியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தவுடனே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. சாய்மானத்தை சலூன் நாற்காலி மாதிரி பின்னால் தள்ளி, காலை நீட்டி, ஸ்டியரிங்கை விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறும்போது தலை பின்னால் போகும், பாதையைப் பார்க்கக் கழுத்தை முன்னால் நீட்டுவார், வண்டி குதிக்கும், கழுத்து பிடிக்கும். இறங்கச் சொல்லாமல், அப்படியே வைத்துச் சரிசெய்தேன். இடுப்பு சீட்டின் கடைசி வரை போக வேண்டும். சாய்மானம் நிமிர வேண்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். தோள் சீட்டில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். "இன்னாம்மா இது, பரீட்சை எய்துற மாதிரி குந்த வெச்சிட்ட!" என்று அலுத்துக்கொண்டே மேட்டில் ஏற்றினார்.

மேலே போய், சுற்றிக் கீழே வந்து, வண்டியை நிறுத்தினார். இறங்காமல் கழுத்தைத் தடவிக்கொண்டே மேட்டைத் திரும்பிப் பார்த்தார். வலிக்கிறதோ என்று கிட்டே போனேன்.

"இத்தினி நாளு மேடு ஏறும்போது எனக்கு வானம் மட்டும்தாம்மா தெரியும். இன்னிக்குத்தான் தரைய பாத்தேன்."

என் மெத்தை

பாயின் கழுத்து தந்த தைரியத்தில், அடுத்து கலைச்செல்வியின் இடுப்பில் கை வைத்தேன். அவர் குள்ளம். பானெட்டுக்கு அப்பால் பார்க்க எக்கி எக்கி உட்கார்ந்து இடுப்பு வலி. நான் யோசித்து, அளவெடுத்து, கெட்டியான ஸ்பாஞ்சில் ஒரு மெத்தை தைக்கக் கொடுத்தேன். அடுத்த வாரம் வலி எவ்வளவோ பரவாயில்லை என்று போன் வந்தது. நான் மற்ற நோயாளிகளிடமெல்லாம் அந்த மெத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் நெற்றிக்கு மேலே பிளாஸ்திரியோடு வந்து நின்றார். அந்த மாதிரி வண்டிகளில், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்ற தலைக்கு மேலே இரும்புக் குழாய் வைத்திருப்பார்கள். நான் இடுப்பிலிருந்து கீழே மட்டும் அளவெடுத்திருந்தேன். ஒரு பள்ளத்தில் வண்டி எகிற, மெத்தை கூட்டிய உயரத்தில் தலை போய்க் குழாயில் இடித்திருக்கிறது. அவரோ தன் பட்டறையில் சீட்டின் அடித்தளத்தையே முன்னால் நகர்த்தி, மெத்தையைப் பாதியாக வெட்டி, குழாய்க்கும் உறை மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"இடுப்பு சூப்பரா ஆயிடுச்சு மேடம். இப்ப தலைக்கு எதுனா பாருங்க."

போகாத வண்டி

தனசேகர் வாத்தியாரைப் பற்றித்தான் நான் சொல்ல நினைத்தது. அந்தக் கூட்டத்திலேயே நன்றாக ஓட்டுகிறவர் அவர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது அவருடைய இடது கால் திடீரென்று மரத்துவிட்டது. கிளட்ச்சில் இருந்த காலைத் தூக்க முடியவில்லை. இன்ஜினின் பிடி விட்டு, வண்டி சறுக்கிப் போய் ஒரு மண் திட்டில் முட்டி நின்றது. பக்கத்து சீட்டில் அவருடைய மகள் இருந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவருக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கியிருந்தது தெரியவந்து, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. காலில் பலம் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டு நாற்காலியில், பஸ்ஸில், வகுப்பில் எல்லாம் வலியில்லாமல் உட்கார்ந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் இடுப்பு கல்லாக இறுகியது. உடம்பில் நான் சரிசெய்ய எதுவும் மீதி இல்லை. "வண்டியை வித்துடறேன் மேடம். பாப்பா பக்கத்துல இருக்கும்போது மறுபடி கால் வேலை செய்யலேன்னா?" என்றார். அவர் மனைவி ரேவதி தனியாக எனக்குப் போன் செய்து, "வித்துட்டா மனுஷன் அந்த மண் திட்டுலேயே நின்னுடுவாரு மேடம், எதுனா பண்ணுங்க" என்றார்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஜீப்பைக் கொண்டுவந்து கிளினிக் வாசலில் நிறுத்தச் சொன்னேன். சாவி என் மேஜையில். தினமும் சாயங்காலம் வாத்தியார் டிரைவர் சீட்டில் சும்மா உட்கார வேண்டும், கிளட்ச்சை மிதித்து மிதித்து விட வேண்டும், அவ்வளவுதான். அவர் தனியாக உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். மறுநாள் பாய் வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். அப்புறம் சரவணன், கலைச்செல்வி. பின்சீட்டில் டீ, சமோசா, அரட்டை. இடுப்பு எப்போது இளகியது என்று வாத்தியாருக்கே தெரியவில்லை. ஓடாத வண்டியில் தினமும் நாலு பேர் ஏறி இறங்குவதை எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டி வந்து என்னிடமே கேட்டுவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா, ஷேர் ஆட்டோலகூட இம்மாந்நேரம் வெயிட் பண்ண மாட்டாங்கோ. இன்னும் எத்தினி பேரு ஏறுனா வண்டிய எடுப்பாரு?"

பாதி மேடு

மழை விட்ட ஒரு ஞாயிறு, அதே பூந்தமல்லி நிலம். வாத்தியார் தனியாக வண்டியில். சமதளத்தில் நன்றாகவே ஓட்டினார். உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு மேட்டுக்குத் திருப்பினார். பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். பிரேக் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கால் மரத்துவிட்டதா, பயமா, இங்கிருந்து எப்படித் தெரியும்? யாரும் கத்தவில்லை, "போ போ" என்று உசுப்பவில்லை. பாய் மட்டும் ஓரமாக ஏறிப் போய், வாத்தியார் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, என்னவோ கேட்டார். பிறகு கையைக் காட்டிக் காட்டி, வண்டியை நேராகப் பின்னாலேயே இறங்க வைத்தார்.

வாத்தியார் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மனசுதான் என்று பாய் என் காதில் சொன்னார். அடுத்து சரவணன் தன் வண்டியை எடுத்தார். பாதி மேடு ஏறினார், நின்றார், பின்னாலேயே இறங்கி வந்தார். கலைச்செல்வியும் பாதி வரை போய்த் திரும்பினார். கடைசியாகப் போன பாயும் அப்படியே. அவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மழைக்குப் பிறகு மண் சரியில்லை என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். வாத்தியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருகிட்ட ஏமாத்து வேலை காட்டுறீங்க?" என்றார். பாய் ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.

"மேடு எங்க நைனா போவப்போவுது? டீ ஆறிடும், எறங்கி வா."

வாத்தியார் சொன்னது

அவர் அந்த மேட்டில் ஏறிய அன்றைக்கு நான் ஊரில் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சரவணன் அனுப்பிய வீடியோவில் வண்டியைவிட இவர்கள் போட்ட கூச்சல்தான் அதிகம். மகள் கீழே ரேவதியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மேலே போய் நின்றதும் அவள் ஓடி ஏறிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது அவளோடுதான் இறங்கினார். வண்டியை விற்கிற பேச்சு அதோடு நின்றது.

அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது, கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, அன்றைக்குக் கால் நடுங்கவில்லையா என்று கேட்டேன். எனக்குத் தொழில் ரீதியாகவே அது தெரிய வேண்டியிருந்தது.

"நடுங்குச்சு மேடம். நடுங்க நடுங்கத்தான் ஏத்துனேன்."

ஆக, என்னோடு சேர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, முதுகை நிமிர்த்தி உட்கார வைக்க எனக்குத் தெரியும், ஆனால் அந்த முதுகுக்குச் சொந்தக்காரரை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார வைக்க எந்தப் படிப்பும் இன்னும் வரவில்லை.