முனியாண்டிக்குச் சுருட்டு நின்ற கதை

எங்கள் வீட்டுச் சாமிக்கு நீளத் தாடி, ஓங்கிய கையில் கத்தி. செமோர் பக்கத்து எஸ்டேட்டில் துரை பங்களாவைக் காலி பண்ணினபோது குப்பைக்குப் போக இருந்த படத்தை அப்பா சட்டத்தோடு தூக்கிவந்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எவனோ மரக்கட்டையில் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கி அச்சடித்தது. கறுப்புக் கோடுகளைத் தவிர வேறு நிறமே கிடையாது. அந்தக் குறையை அம்மா குங்குமத்தால் தீர்த்தாள். தாடியும் கத்தியும் இருந்தால் முனியாண்டி இல்லாமல் வேறு யார்? வெள்ளிக்கிழமை தவறாமல் சுருட்டு வைத்தாள். சாமி காலடியில் ஒரு பையன் படுத்திருந்தான். படத்தின் மேல்மூலையில் இன்னொருத்தரும் இருந்தார். பூச்சரம் மறைத்ததால் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. புந்தோங்குக்குக் குடிவந்தபோது லாரியில் முதலில் ஏறியதும் இந்தப் படம்தான்.

தம்பிக்கு நாற்பது நெருங்கிவிட்டது. அம்மா பார்த்த பெண்களையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, சித்தியவானில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைப் பிடித்தான். பெண்ணின் அப்பா பேச வந்தார்.

"அக்கா, எங்க பொண்ணு சாமி படம்லாம் கும்பிடாதுலா. கட்டாயப்படுத்தக் கூடாது."

தம்பி முகம் செத்துவிட்டது. அம்மாவா விடுவாள்? "மத்ததை விடுங்கண்ணே. இவரைக் கும்பிட்டாத்தான் கல்யாணம்," என்று படத்தைக் காட்டினாள்.

மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார். "இது எங்க வேதத்துல வர்ற ஆபிரகாம்லா," என்றார். பாவம், ஆபிரகாமை வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, சுருட்டோடு சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. நான் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணி கலக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கத்தி யாருக்கு என்று கேட்டிருக்கிறாள். கீழே படுத்திருக்கும் பையனுக்கு, பெத்த பிள்ளை, கடவுள் பலி கேட்டார் என்று அவரும் சொல்லிவிட்டார்.

"தூங்குற பிள்ளைக்குக் காவல் நிக்கிறாருன்னுல்ல நெனச்சேன்," என்றாள் அம்மா. விடியுமுன் எங்களை, எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில் தூக்கத்தோடு போட்டுவிட்டு ரப்பர் மரம் சீவப் போனவள். தினமும் இவரிடம்தான் எங்களை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"வெட்டிட்டானா?" என்றாள். சாமிக்கான மரியாதை அப்போதே போய்விட்டது.

"இல்லக்கா." அவர் பூச்சரத்தை ஒதுக்கினார். "இந்தா, தேவதூதன் வந்து கையப் பிடிச்சிட்டாரு."

அம்மா எழுந்து றெக்கை வைத்தவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"சாமிக்காகப் பெத்த பிள்ளைய வதைக்கிற வேலை எனக்கு வேணாம்ணே. தேதியக் குறிங்க."

படத்தை அவள் கழற்றவில்லை. சுருட்டு மட்டும் நின்றுபோனது. பூச்சரம் இப்போது கத்தியை மறைத்துத் தொங்குகிறது.