ஈகையின் மகிமை, தொண்ணூறு பக்கங்களில்

இங்கிலாந்தின் அச்சுக்கூடங்கள் பிரசங்கமாய்த் துப்பிக்கொண்டிருந்த காலம் அது. டெவன் மாவட்டத்தில் ஆட்டு ரோமத்துக்குச் சிக்கெடுத்துப் பிழைத்த விதவை தாம்சினுக்கு எழுத்து தெரியாது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கும் ரொட்டி தெரியும். எப்போதோ செத்துப்போன ஒரு புண்ணியவான் அதற்கென்றே நிலம் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி வரவில்லை. அந்த ஆலயத்தின் பாதிரியார், பேரறிஞர் தெர்க்கல், நிலத்தின் வருமானத்தை எடுத்து, ஏழைகளுக்கு ஈவதன் மகிமை பற்றிய தம் பிரசங்கத்தை அச்சடித்துவிட்டார். ரொட்டிக்குப் பதில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்.

“ரொட்டி ஒரு நாள் பசிக்கு. இது ஆத்மாவுக்கு,” என்றார். பசியென்பதை அவர் புத்தகங்களில் மட்டுமே சந்தித்திருந்தார்.

தாம்சின் மற்ற ஏழைகளின் புத்தகங்களையும் கூடையில் அள்ளிக்கொண்டு ரொட்டிக்கடை ஹன்னஃபோர்டிடம் போனாள்.

“இறைச்சி அப்பத்துக்கு அடியில தாள் போடுவியே, இந்தா. பதிலுக்கு எங்க எல்லாருக்கும் ரொட்டி குடு.”

“கர்த்தரோட வார்த்தையாச்சே அக்கா.”

“அவரோடது இல்லப்பா. நம்ம பாதிரி ஐயாவோடது.”

ஹன்னஃபோர்டு உடனே கூடையை வாங்கிக்கொண்டான். குளிர்காலம் முழுக்க ஏழை வீடுகளில் ரொட்டி இருந்தது.

வசந்தத்தில், தம் புத்தகம் ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று கேள்விப்பட்ட பாதிரியார், பூரித்துப்போய்த் தாம்சினை வழிமறித்தார்.

“எல்லாருக்கும் பிரயோசனப்பட்டுச்சா?”

“வயிறார, ஐயா.”

“இரண்டாம் பதிப்பு போடலாம்னு இருக்கேன்.”

“போடுங்க ஐயா. இந்தத் தடவை கொஞ்சம் கெட்டித் தாளா அடிக்கச் சொல்லுங்க. இறைச்சிச் சாறு இறங்கி ஊறிப்போயிடுது.”