பெயிண்ட் ஏறாத இடம்

நேற்று மத்தியானம், முடித்த படத்தின் ஓரத்திலிருந்து மாஸ்கிங் டேப்பை உரித்தேன். அந்தப் பசையின் வாசனை மூக்கில் ஏறியதும் கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த பெயிண்ட் ஷெட்டுக்கே போய்விட்டேன். உங்களுக்கு மல்லிகையோ மழையோ பழைய நாட்களைக் கொண்டுவரலாம். எனக்கு வாய்த்தது டேப் பசை. அவரவர் கொடுப்பினை.

அந்த ஷெட்டில் தொழிற்சாலைகளுக்கான மின்சாரப் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பவுடரைத் துப்பாக்கியால் தூவி, பெட்டியைச் சூளைக்குள் அனுப்பி வேகவைப்பார்கள். பெண்களுக்கு மாஸ்கிங் மேஜை. பெயிண்ட் ஏறக்கூடாத இடங்களில் பச்சை டேப்பை வெட்டி ஒட்ட வேண்டும், வெந்து வந்ததும் உரிக்க வேண்டும். அதில் முக்கியமானது எர்த் கம்பி முடுக்கும் இடம். ஒரு ரூபாய்க் காசு அகலந்தான். அங்கே வெறும் தகரமாக இருந்தால்தான் கசியும் கரண்ட் தரைக்குப் போகும். இல்லாவிட்டால் பெட்டியைத் தொடுகிறவர் கதி அதோகதி.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் படம் போடுகிறவள். அதுவும் உருவமில்லாத படம். வண்ணமும் கோடும் மட்டுந்தான். கவரைப்பேட்டை வாடகை வீட்டில் என் வீட்டுக்காரர் ஒரு படத்தை ஆசையாக ஆணியடித்து மாட்டினார், தலைகீழாக. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடம் அப்படியே தொங்கியதில் எனக்கே அதுதான் சரியென்று பட்டுவிட்டது.

மகள் பிறந்ததும் எல்லாம் நின்றது. ஈரப் பெயிண்ட்டைத் தொட்டு வாயில் வைத்துக்கொள்வாள் என்று டியூபுகளைப் பரணில் ஏற்றினேன். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஆறாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். ரயிலில் நின்றபடியே தூங்கினேன். இனி படம் போடப் போவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழ எங்கே நேரம்?

அப்படி ஒரு காலையில்தான் நாற்பது பெட்டிகளுக்கு எர்த் இடத்தில் டேப் ஒட்ட மறந்தேன். கீல், பூட்டு ஓட்டை எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தேன், அது மட்டும் விட்டுப்போயிருந்தது. சூளையிலிருந்து பெட்டிகள் சாம்பல் நிறத்தில் அழகாக வரிசையாக வந்தன. சூப்பர்வைசர் ஒன்றைத் திறந்து பார்த்தார். போன மாதம்தான் இதே தவறுக்கு ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"எர்த்துல பெயிண்ட்டு ஏறிக்கினு கீது. யாரு ஒட்னது?"

அடுத்த மேஜையிலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், என் வயதுதான். அந்தப் பெட்டிகளை அவள் தொட்டதுகூட இல்லை.

"நாங்க ரெண்டு பேருந்தான் சார். சாயங்காலத்துக்குள்ள சொரண்டிக் குடுத்துட்றோம்."

இரண்டு பேரை ஒரே நாளில் நிறுத்தினால் வேலை ஓடாது என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஆளுக்கு இருபது பெட்டி. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடுகளில் உடைந்தவற்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா சுரண்டினால் காம்பஸ் வைத்தது போல வட்டம் விழும். என்னுடையது கடித்துவைத்த முறுக்கு மாதிரி இருந்தது.

"இன்னாடி இது, நீயா படம் போட்றவ?" என்று சிரித்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காதது போலச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பத்தாவது பெட்டியோ என்னவோ, சாம்பலுக்கு அடியிலிருந்து தகரம் பளிச்சென்று தெரிந்தபோது கை நின்றது. வண்ணத்தை ஏற்றத்தான் வேண்டுமா, இறக்கினால் ஆகாதா? பெயிண்ட் அடித்துக் கழித்துப்போட்ட தகரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனேன். பின்வாசலில் உட்கார்ந்து சுரண்டினேன். காயவைக்கும் வேலை கிடையாது. குழந்தை அழுதால் போட்டுவிட்டு ஓடலாம், வந்து விட்ட இடத்தில் தொடரலாம். அந்தக் கரகர சத்தத்துக்கே மகள் தூங்கப் பழகினாள். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வாள். இன்றும் நான் அடுக்கடுக்காகப் பூசிவிட்டுச் சுரண்டித்தான் படத்தை எடுக்கிறேன். அந்த மறதிக்கு நான் கடமைப்பட்டவள். ஸ்டெல்லாவுக்கு வாய் திறந்து நன்றி சொன்னேனா என்றால், இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அசடு.

மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வீட்டில் இடம் கிடைத்ததும் ஆளுயரப் பலகைக்கு மாறினேன், கூடவே தோள் வலியும் வந்தது. போன மாதம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனபோது ஷெட்டைத் தேடினேன். சூளை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மற்ற ஷெட்டுகளில் எர்த் இடத்தை மூட இப்போது ரப்பர் மூடி வந்துவிட்டதாம், டேப் வெட்டும் மேஜையே கிடையாதாம். ஸ்டெல்லா காட்டுப்பள்ளிப் பக்கம் குடிபோனதாகக் கேள்வி. அவளுடைய பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள், எல்லாப் படத்திலும் மூலையில் இரண்டு வெற்றுப் புள்ளிகள் ஏன் என்று கேட்கிறார்கள். கோணலாக இருப்பது என்னுடையது. மற்றது ஸ்டெல்லாவுடையது. அதை மட்டும் வட்டமாகச் சுரண்டப் பார்க்கிறேன், இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வட்டமாக வந்ததில்லை.