ஒரு வெட்டுக்கு ஆறு வாரம்

காயத்துக்குத் தையல் போடுகிறவனிடம் வாள்சண்டைக் கதையை ஒப்படைத்தால், அந்தக் கதையில் வீரர்கள் குறைவார்கள், நோயாளிகள் பெருகுவார்கள்.

இந்த உண்மையை நான் எண்பதுகளின் தொடக்கத்தில், திகாம் பத்துவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக இருந்தபோது கற்றேன். வார நாள்களில் தோட்ட ஆஸ்பத்திரியில் புண் கழுவுவதும் மருந்து கொடுப்பதும் என் கடமை. ஞாயிறு பிற்பகலில் அதே ஆஸ்பத்திரியின் வராந்தாவில் எனக்கு இன்னொரு கடமை இருந்தது. அது நடுவர் வேலை. கேரம் பலகையின் ஓரத்திலும் சடுகுடுத் திடலிலும் நடுவராக நின்று இரு தரப்பாரிடமும் ஏச்சு வாங்கிய அன்பர்களே, என் நிலையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் படித்து வந்து தோட்டத்தில் உதவி நிர்வாகியாக இருந்த சின்னத்துரை ஒருவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு பெட்டியை விட்டுச் சென்றார். அதில் ஓர் ஆங்கில விதிப்புத்தகமும் இருபது முகங்கள் கொண்ட பகடை ஒன்றும் இருந்தன. தோட்டத்துச் சாமான்களுக்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி அந்தோணிசாமி புத்தகத்தைப் படித்துப் பொருள் சொன்னார். நான் அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் தமிழாக்கி எழுதினேன். இந்த ஆட்டத்துக்குப் பலகை இல்லை, காய்களும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகிவிட வேண்டும். "எதிரே ஒருவன் வாளோடு வருகிறான், என்ன செய்வாய்?" என்று நடுவர் கேட்பார். ஆடுகிறவர் பதில் சொல்வார். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

கதையை, எங்கள் வட்டாரத்தின் பழைய அரசான கடாரத்தில் அமைத்துக்கொண்டோம். அந்தோணிசாமி அரசரின் பண்டசாலை அதிகாரி. அவர் மனைவி ரோசம்மா, ஆயாக்கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். ஆட்டத்தில் அவர் கப்பல் வணிகம் செய்யும் சீமாட்டி. ரப்பர்ப் பால் லாரி ஓட்டும் முனியாண்டி, வேங்கையன் என்னும் வாள்வீரன்.

ஏழு வெட்டும் ஓர் இரவுத் தூக்கமும்

அந்த ஆங்கில விதிப்படி ஒரு வீரன் ஏழு வெட்டு வாங்கலாம். ஓர் இரவு தூங்கி எழுந்தால் மறுநாள் எட்டாவது வெட்டுக்குத் தயாராகிவிடலாம். அதைத் தமிழாக்கும்போது என் பேனா நின்றுவிட்டது. முன்கையில் பராங் கத்தியால் ஒரே ஒரு வெட்டு வாங்கியவன், தேநீர்க் கோப்பையைப் பிடிக்க எத்தனை நாளாகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்த விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: ஒரு வெட்டு விழுந்தால் ஆயுதம் கையை விட்டு நழுவும்; இரத்தம் நிற்காவிட்டால் மயக்கம் வரும்; நின்றாலும் ஆறு வாரம் படுக்கை.

முதல் ஞாயிறே மெர்போக் ஆற்று முகத்தில், தஞ்சோங் டாவாய் கரையோரமாக, வேங்கையன் கடற்கொள்ளையனோடு மோதினான். பகடை கைவிட்டது. தொடையில் வெட்டு. நான் நோட்டைப் புரட்டி, ஆறு வாரம் என்று தீர்ப்பளித்தேன். முனியாண்டி, மருத்துவ விடுப்புச் சீட்டுக் கேட்கும் தோட்டத்து வழக்கப்படி உள்ளங்கையை நீட்டிச் சொன்னார்: "அப்ப எம்சி எழுதிக் குடுங்க டிரெசரே. இல்லேன்னா எங்க ராசா காலையில பேர் கூப்பிடற பெரட்டுல என் பேர அடிச்சிருவாரு லா."

கொள்ளையர் முகம்

முனியாண்டிக்கு நிஜத்திலும் ஒரு பகை இருந்தது. தோட்டம் முழுவதும் அறிந்த பகை. அவருக்குக் கதிரேசன் என்று ஒரு தம்பி. திகாம் பத்துவில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. தங்கையின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் இருவருக்கும் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகிவிட்டது. அன்றிலிருந்து முனியாண்டியின் லாரி இருக்கைக்கு அடியில் ஒரு பராங் கிடந்தது. "எங்க பாத்தாலும் ஒரே வெட்டு" என்று அவர் பலபேரிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பதுதான் என் கவலை.

இதற்கிடையே கோத்தா கோலா மூடாவில் வாழ்ந்த தங்கைக்குப் பெண்குழந்தை பிறந்து ஒரு வயதும் கடந்துவிட்டது. காது குத்தவில்லை. அவர்கள் குடும்ப வழக்கப்படி, மூத்த தாய்மாமன் மடியில் குழந்தையை வைக்க வேண்டும். இளைய தாய்மாமன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஓரிடத்தில் சேர்ந்தால் காதோடு போகாது என்று அஞ்சி, அந்தப் பெண் இருமுறை நாள் குறித்து இருமுறையும் தள்ளிப்போட்டிருந்தாள்.

இது ஆட்டத்திலும் தலைகாட்டியது. எதிரி எப்படி இருக்கிறான் என்று வருணிக்கும் பொறுப்பை நான் ஆடுகிறவர்களுக்கே விட்டிருந்தேன். முனியாண்டி வருணித்த முதல் கொள்ளையனுக்கு முறுக்கிய மீசை, இடது புருவத்தில் தழும்பு. இரண்டாமவனுக்கும் அதுவே. மூன்றாமவனுக்கும் தழும்பு வந்தபோது ரோசம்மா கேட்டுவிட்டார்: "ஏன் அண்ணே, கடல்ல இருக்கிற கொள்ளைக்காரன் அத்தன பேரும் உங்க தம்பி மூஞ்சியோடவா பொறந்தானுங்க?"

ஆடும் பகடையும்

மேசையிலிருந்து உருண்ட பகடையை, வராந்தா ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆடு விழுங்கிவிட்டது. ஸ்டோரில் ஒரு திருகாணி குறைந்தாலும் தூக்கம் வராத அந்தோணிசாமி, இரண்டு நாள் அந்த ஆட்டின் பின்னாலேயே திரிந்தார். மூன்றாம் நாள் பொருள் மீட்கப்பட்டது. நான் டெட்டாலில் மூன்று முறை கழுவிக் கொடுத்தும் ரோசம்மா அதைத் தொட மறுத்துவிட்டார். பின்னர் ரப்பர்க் கொட்டைகள் இருபதை எடுத்து எண் எழுதி, பால் வடிக்கும் மங்கு ஒன்றில் போட்டுக் குலுக்கி எடுக்கத் தொடங்கினோம். அது கடைசிவரை நீடித்தது. ஆனால், பகடையைக் கையில் ஏந்தி வெற்றியோடு வந்த அந்தோணிசாமியிடம் முனியாண்டி கேட்ட கேள்வியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "வெளிய வந்தப்ப எத்தன விழுந்திருந்துச்சு, கிராணி?"

புண் கழுவும் ஞாயிறு

உண்மையின்மேல் எனக்கிருந்த பற்று எல்லை கடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துருப்பிடித்த வாளுக்குத் தனி விதி எழுதினேன். ஆற்றுநீரில் கழுவிய புண்ணுக்கு ஒரு விதி. வெட்டுவாய் சீழ்பிடிப்பதற்கு ஓர் அட்டவணை. விளைவு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கடாரத்தில் ஒரு வாளும் உறையை விட்டு வெளிவரவில்லை. வேங்கையன் படுக்கையில் கிடந்தான். சீமாட்டி வெந்நீர் வைத்தார். பண்டசாலை அதிகாரி துணி கிழித்துக் கட்டுப் போட்டார். நான் மட்டும் மனநிறைவோடு இருந்தேன்.

நான்காம் ஞாயிறு ரோசம்மா என் நோட்டை மூடி வைத்துவிட்டார். "டிரெசர் ஐயா, நீங்க சண்ட முடிஞ்சப்புறம்தான் ஆளப் பாக்குறீங்க. நாங்க சண்ட நடக்கிறதப் பாக்குறோம்" என்றார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழாயடியில் அவர் கண்ட சண்டைகளை வரிசையாகச் சொன்னார். பத்துச் சண்டையில் ஒன்பது, சத்தத்திலேயே முடிந்துவிடுமாம். முதலில் ஏசுவார்கள். பிறகு ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி நடந்துவிடுவார். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. வெட்டு விழுவது பத்தாவதில்தான்.

எனக்குச் சற்று வருத்தம்தான். பதினாறு வருட அனுபவத்தில் நான் எழுதாத உண்மையை அவர் குழாயடியிலிருந்து கொண்டுவந்துவிட்டார். இருந்தாலும் விதியாக எழுதினேன்: ஆயுதம் எடுப்பதற்கு முன் ஒரு சத்தச் சுற்று, மனமிருந்தால் மானம் போகாமல் விலகிக்கொள்ளலாம். சீழ் அட்டவணையை மட்டுமாவது விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ரோசம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்: "காலையில கோயிலுக்குப் போயி பூசை பாத்துட்டு, மத்தியானம் இங்க வந்து சீழு எடுக்கணுமா நாங்க?"

சிட்டு

சத்தச் சுற்று வந்த பிறகு ஆட்டம் உயிர்பெற்றது. ஆனால் முனியாண்டிக்கு அது போதவில்லை. இரண்டு வசவு வைதுவிட்டு உடனே வாளை உருவிவிடுவார். அப்போதுதான் அந்தோணிசாமி தன் தொழிலைக் கொண்டுவந்து ஆட்டத்தில் நுழைத்தார். தோட்ட ஸ்டோரில் சிட்டு என்னும் கோரிக்கைச் சீட்டு எழுதாமல் ஓர் ஆணிகூட வெளியே போகாது. "ஆணிக்கே சிட்டு கேக்குறோம். வாளுக்கு வேணாமா?" என்றார். ஆகவே வாளை உருவ விரும்புகிறவர் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதித் தர வேண்டும் என்று விதியாயிற்று. என்ன வேண்டும்? எதற்கு வேண்டும்? நீ திரும்பி வராவிட்டால் உன் வேலையை யார் செய்வார்?

இந்த விதி வந்த பிறகுதான் எங்கள் கதைமாந்தர்களுக்கு வீடும் வாசலும் முளைத்தன. சீமாட்டிக்குக் கடனாளிக் கணவன் ஒருவன் இருப்பது தெரியவந்தது. பண்டசாலை அதிகாரிக்கு உயரமென்றால் பயம் என்பதும் வெளிப்பட்டது. முனியாண்டி மட்டும் முரண்டு பிடித்தார். மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே சொல்லாக 'சும்மா' என்று எழுதி நீட்டினார். அந்தோணிசாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிட்டைத் திருப்பித் தந்தார்: "சும்மாவுக்கெல்லாம் ஸ்டோர்ல சாமான் இல்ல முனியாண்டி. அடுத்த ஆளு வா."

வெற்றிலைத் தட்டு

ஒரு ஞாயிறு, ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முறுக்கிய மீசை, இடது புருவத்தில் தழும்பு. கதிரேசன் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு இருந்தது. தங்கை மூன்றாம் முறையாகக் காதுகுத்துக்கு நாள் குறித்து, மூத்தவரை அழைத்து வரும்படி இளையவரையே அனுப்பியிருந்தாள். அவர் வாய் திறப்பதற்கு முன் முனியாண்டி எழுந்தார். மரத்தடியில் நின்ற லாரியை நோக்கி நடந்தார். கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டார். அன்பர்களே, நடுவனாகிய நான் அப்போது செய்ததை மறைக்காமல் சொல்கிறேன்: என் கால்கள் லாரிப் பக்கம் போகவில்லை, தையல் ஊசிகள் இருந்த அறைப் பக்கம் போயின.

அந்தோணிசாமி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஸ்டோர் முகப்பில் நின்று ஆண்டுக்கணக்காகச் சொன்ன அதே குரலில், "சிட்டு எழுதலியே" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சிட்டு எழுதாமல் முனியாண்டி ஒரு டயர்கூட வாங்கியதில்லை. பராங்கை இடக்கையில் பிடித்தபடி, முகம் சிவந்து, மேசைக்குத் திரும்பி வந்தார். பென்சிலைப் பிடுங்கினார். என்ன வேண்டும் என்பதற்கு, 'அண்ணே என்று கூப்பிட வேண்டும்' என எழுதினார். எதற்கு என்பதற்கு, 'மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்' என எழுதினார். மூன்றாவது கேள்வியில் பென்சில் நின்றுவிட்டது. குழந்தைக்கு வேறு மடி இல்லை. ரோசம்மா சிட்டை எடுத்து வாசல்வரை கேட்கும்படி உரக்கப் படித்தார். படித்துவிட்டு, "தலைய வெட்டிட்டா அவரு எந்த வாயால அண்ணேன்னு கூப்பிடுவாரு?" என்று கேட்டார். வாசலிலிருந்து கதிரேசன் வெடித்தார். "மொதல்ல என்னைய 'டேய் சோம்பேறி'ன்னது யாரு? சம்மந்தி ஊட்டு ஆளுங்க சிரிச்சாங்கல்ல!" முனியாண்டி திருப்பிக் கத்தினார். "பந்தல் போட வரச்சொன்னா பந்திக்கு வந்தவன என்னான்னு கூப்பிடறது?" "நான் வந்த லாரி நடுவழியில ஆப்பாயி நின்னு நடந்து வந்தேன்யா! நடந்து!" "அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?" "சொல்ல விட்டியா நீ?"

நான் ஊசியோடு திரும்பி வந்தபோது ரோசம்மா என் கையைத் தடுத்தார். சத்தச் சுற்று நடப்பதாகவும் நடுவர் குறுக்கிடக் கூடாதென்றும் சொன்னார். கால்மணி நேரம் கத்தினார்கள். இரண்டு சின்ன வயதுச் சண்டைகளும் ஒரு சைக்கிள் விவகாரமும்கூட வெளியே வந்தன. முடிவில் கதிரேசனின் தொண்டை கட்டிவிட்டது. தட்டை இன்னும் இரு கைகளிலும் ஏந்தியிருந்தார். "கை கடுக்குது, வாங்கித் தொலைங்க அண்ணே!" என்றார். சிட்டில் கேட்டது கிடைத்துவிட்டது. முனியாண்டி மெல்ல நடந்துபோய் வலக்கையை நீட்டினார். இடக்கையில் பராங் அப்படியே இருந்தது. அப்போது ரோசம்மாதான் பின்னாலிருந்து அதட்டினார்: "வெத்தலத் தட்ட யாராச்சும் ஒத்தக் கையால வாங்குவாங்களா அண்ணே?"

மூன்று வாரம் கழித்துக் கோத்தா கோலா மூடாவில், மூத்த மாமன் மடியில் இருந்த குழந்தையின் தலையை இளைய மாமன் பிடித்துக்கொள்ள, காதில் சிந்திய ஒரே ஒரு சொட்டு இரத்தம்தான் அந்த அண்ணன் தம்பி சண்டையில் சிந்திய மொத்த இரத்தம். அதைக் காணச் சகிக்காமல் வீரர் இருவரும் கண்களை இறுக மூடிக்கொண்டதால், பஞ்சோடு நடுவில் நின்று குழந்தையிடம் உதை வாங்கியது வழக்கம்போல நடுவர்தான்.