திருவடி ஆச்சு

என் எழுத்தை யாரும் கேட்கவில்லை. பத்தாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லிப் பார்த்தால் கோபத்தில் பாதிக் கதை விட்டுப்போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் நேரில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பாடம் ஃபோனில் வருகிறது. திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பேசுவாள். புரியவில்லை என்று அவளிடம் சொல்ல முடியாது. பார்த்து முடித்ததும் அன்றைக்கே அதை ஒரு வீட்டில் செய்து, குரூப்பில் போட வேண்டும். எங்களை மேற்பார்வை பார்க்கும் சிஸ்டருக்கு நீளமாக எழுதினால் பிடிக்காது. அதனால் எல்லோரும் "பிரஷர் ஆச்சு", "சுகர் ஆச்சு" என்றுதான் போடுவோம்.

அந்த வாரப் பாடம், சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தைப் பார்ப்பது. கோயிலில் பிரபந்தம் ஓதிவந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

"காலைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றேன்.

அவர் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "கால் கீல்னு பேசாதீங்கோ. எத்தனை பேர் சேவிச்சுட்டுப் போற திருவடி, தெரியுமோ?"

"சரிங்க மாமி" என்று விரலிடுக்கெல்லாம் பார்த்தேன். புண் இல்லை. வெளியே வந்ததும், மாமிக்குப் பயந்த பயத்திலேயே குரூப்பில் போட்டேன்: "உத்தர வீதி ஸ்வாமி திருவடி ஆச்சு."

பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. என்னை யாரும் பாராட்டியதே இல்லை, எனக்குச் சந்தோஷம். சிஸ்டர் "எப்போ?" என்று கேட்டிருந்தார். "இன்னிக்குக் காலைல" என்று போட்டேன். "ஓகே" என்றார்.

அடுத்த முறை சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்கப் போனபோது பெரியவருக்கு மட்டும் இல்லை. மருந்து கொடுப்பவர் கேட்டார், "அவருதான் போயிட்டாரேங்க, யாருக்கு மாத்திரை?"

சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"நீங்கதானக்கா போட்டீங்க, திருவடி அடைஞ்சிட்டார்னு! இந்த ஊர்ல செத்துட்டார்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"கால் பார்த்தாச்சுன்னு போட்டேன் சிஸ்டர்."

"காலைக் கால்னு எழுதத் தெரியாதா? படிக்காதவங்களை வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே! உயிரோட இருக்கார்னு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. அது வந்தாத்தான் மாத்திரை."

ஒரு ஃபோன் போட்டு விசாரிக்காமல் ஒரு மனிதரை இறந்தவராக்கியவர் அவர். படிக்காதவள் நான்.

பெரியவர் வீட்டில் மாத்திரை டப்பா காலி. நான் போவதற்குள், இறப்புச் சான்றிதழ் கேட்டு சுகாதார நிலையத்திலிருந்து வேறு யாரோ அங்கே ஃபோனும் போட்டிருந்தார்கள். மாமி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"இருக்கறவரைக் கொன்னுட்டு இப்ப படம் பிடிக்க வந்தேளா? அந்தச் சனியனை எடுத்துண்டு உள்ள வரப்படாது!"

"மாத்திரைக்காகத்தான் மாமி. படம் அனுப்பலைன்னா தர மாட்டாங்க."

"தர வேண்டாம் போங்கோ!"

மாத்திரை நின்றால் அவருக்குத் தலை சுற்றும் என்று எனக்குத் தெரியும். வழக்கமாக நான் திரும்பிப் போகிறவள். அன்று நகரவில்லை. அந்த ஃபோனைத் தெருவில் போட்டு மிதிக்கத்தான் எனக்கும் ஆசை. அதைச் சொல்லவும் செய்தேன்.

உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. "விடுடி, எடுத்துக்கட்டும். ஏம்மா, முகத்தை எடுக்கணுமா, திருவடியையா?"

"முகம்தாங்க" என்றேன். மாமி சிரிக்கவில்லை, நானும்தான். படத்தை அனுப்பி, "உயிரோடு இருக்கிறார்" என்று முழுதாக எழுதினேன். சிஸ்டர் கட்டைவிரல் ஒன்று போட்டார். மன்னிப்பாக ஒரு சொல் இல்லை. அதன் கீழேயே அடுத்த பாடம்.

மறுநாள் மதியம் மாத்திரை கொடுத்தார்கள். கொண்டுபோனேன். மாமி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.