காது குத்திய சுண்டெலிக்கு ஒரு கொட்டாங்கச்சி சாமை

நாற்பத்தொன்பது எலிப் பெட்டிகளில் முப்பத்தெட்டு மூடியிருந்தன! தை மாதக் குளிரில், ஓடைக் கொல்லையில், சின்னக்குழந்தை ஒவ்வொரு தகரப் பெட்டியாகத் தூக்கிக் கனம் பார்த்தாள். "இருக்கு... இதுலயும் இருக்கு... அய்ய, இதுலயுமா!" கணக்கு எழுதும் வேலைக்கு வந்திருந்த நான், நோட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே ஓடினேன்.

சின்னக்குழந்தைக்கு நாற்பத்திரண்டு வயது. ஜவ்வாது மலையில் அரை ஏக்கர் சாமை, இரண்டு புளியமரம். வயல் சுண்டெலிகள் சில காலம் ஏன் பெருகுகின்றன, சில காலம் ஏன் குறைகின்றன என்று ஆராய வந்த தேவயானியிடம், கார்த்திகையில் அறுப்பு முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்தாள். மாலையில் பெட்டிக்குள் துளி கடலை உருண்டை வைக்க வேண்டும். விடிந்ததும், அகப்பட்டதைத் துணிப்பையில் கவிழ்த்து எடை போட்டு, காதில் எண் பொறித்த பொட்டளவுத் தகட்டைக் குத்தி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தகடு இருந்தால் பழைய எலி, இல்லாவிட்டால் புதுசு. சினை எலியைக் கட்டைவிரலால் வருடியே சொல்லிவிடுவாள்.

ஓடைக்கு மேலே மேட்டுக் கொல்லையிலும் நாற்பத்தொன்பது பெட்டிகள். அவை அவள் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் காசியின் பொறுப்பு. அன்று அவருக்குக் கிடைத்தவை பதினொன்று.

"இன்னா சின்னக்கொழந்தே, உன் பொட்டியில மட்டும் இன்னா கறி விருந்தா?"

"உங்க மூஞ்சப் பாத்துட்டு எல்லாம் ஓடை தாண்டி வந்துடுச்சி மாமா."

தாண்டி வரவில்லை. தகடுகள் அதைச் சொல்லின. மேட்டு எலி ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை. ஓடைக் கொல்லையில் புதுக்குட்டிகள் வந்திருந்தன, பெரியவை கொழுத்திருந்தன, ஏழு பெட்டை சினையாக இருந்தன. மேட்டில் ஒன்றுகூட சினையில்லை.

தேவயானி நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வரப்பிலேயே குதித்தாள். "ஒரே மழை, ஒரே மண்ணு, ஒரே நரி! இங்க மட்டும் எப்படிக்கா? ஓடை ஈரந்தான் காரணமா இருக்கணும். இப்பவே சாருக்குச் சொல்றேன்!" சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறினாள். வெள்ளிக்கிழமை பேராசிரியரே வருகிறாராம்.

நான் சின்னக்குழந்தையைப் பார்த்தேன். அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்தவள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வியாழன் காலை, எடைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டிருந்த தேவயானியின் எதிரில் வந்து நின்றாள்.

"மேடம், அது ஓடையால இல்ல. நான்தான் சாமை போட்டேன்."

"பெட்டிக்குள்ளயா?"

"வெளிய. வுடற எடத்துல. எங்க வூட்டுல கொழந்தைக்குக் காது குத்துனா மடியில தானியம் போடுவோம். காதுல ரத்தம் பாத்துட்டு வெறுங்கையோட அனுப்பக் கூடாது. இதுங்களுக்கும் குத்தறோமே, மனசு கேக்கல. பொட்டிக்கு ஒரு கொட்டாங்கச்சி போட்டேன்."

பெட்டிகளின் வாயோரம் சாமை மினுங்கியதை நானும் பார்த்திருந்தேன். காற்றில் பறந்து வந்திருக்கும் என்று நினைத்து, கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

காசி விழுந்து விழுந்து சிரித்தார். "எலிக்குத் தாய்மாமன் சீரா? நீ அதுங்களுக்கு அத்தையா, பாட்டியா?"

"நீங்க சும்மா இருங்க மாமா. மேடம், இத்தினி நாளு எழுதுனதெல்லாம் வீணாப் போச்சா?"

தேவயானி போனோடு பாறைமேல் ஏறினாள். பேராசிரியரிடம் நெடுநேரம் பேசிவிட்டு முகம் வெளிறி இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை அவர் வரப்போவதில்லையாம். சாமையை இன்றே நிறுத்த வேண்டும். ஆறு வாரத்தில் ஓடைக் கொல்லை எண்ணிக்கை இறங்கினால், பெருக்கியது தீனிதான் என்று ஆகும், எழுதிய கணக்கு செல்லுபடியாகும். இறங்காவிட்டால் மூன்று மாதக் கணக்கும் தள்ளுபடி. ஓடைக் கொல்லையை மூடிவிடுவார்கள், சின்னக்குழந்தைக்கு வேலை இல்லை.

"எத்தனை பெட்டிக்கு, எந்த நாள்லேர்ந்துக்கா?"

"எல்லாத்துக்கும், குத்துனது எந்தப் பக்கம் வருமோன்னு. மார்கழி மொத நாள்லேர்ந்து, தெனமும். ஒரு நாளும் தப்பல. அளவும் மாறல, அதே கொட்டாங்கச்சிதான்."

தேவயானியின் பேனா நின்றது. அளவு மாறாமல் போட்டிருந்தால் அதையே ஒரு சோதனையாகக் கணக்கில் எடுக்கலாம்; பேனா வேகமாக ஓடத் தொடங்கியது.

முதல் வாரம் முப்பத்தாறு. இரண்டாவது வாரமும் முப்பத்தாறு! சின்னக்குழந்தை, எலி குறைய வேண்டும் என்றும் வேண்டினாள், பெட்டியில் ஒன்று குறைந்தால் "எங்கடி போன?" என்றும் புலம்பினாள். மூன்றாம் வாரம் இருபத்தொன்பது. நான்காம் வாரம் சினை எலி ஒன்றும் இல்லை. ஐந்தாம் வாரம் பதினேழு!

ஆறாம் வாரம் வரப்போரம் குனிந்தவள் ஒரே அலறல். "ஓடியாங்க! ஓடியாங்க!"

காட்டுப்பூனையின் காய்ந்த எச்சம். அதைக் குச்சியால் பிரித்து வைத்திருந்தாள். ரோமத்துக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டு தகடுகள் மின்னின.

"இது என் இருபத்தேழு. வெள்ள வயிறு. ரெண்டு வாட்டி சினையானது." அவள் அந்தத் தகட்டை முந்தானையில் துடைத்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "மேடம், சாமை எலியைக் கூப்டுச்சி, எலி பூனையைக் கூப்டுச்சி!"

அன்றைய எண்ணிக்கை பன்னிரண்டு. மேட்டுக் கொல்லையில் பத்து. கணக்கு தப்பித்தது. தேவயானி அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். சுற்றிய வேகத்தில் தராசு கீழே விழுந்தது.

மூச்சு வாங்க நின்றதும் தேவயானிதான் கேட்டாள், "ஆனா குறைஞ்சது தீனி நின்னதாலயா, பூனையாலயா?"

சின்னக்குழந்தை மேட்டுக் கொல்லையைப் பார்த்தாள். "மாத்திப் பாக்கலாமே. இப்ப மாமா பக்கம் போடுவோம். எலி ஏறுதா பாப்போம், பூனை எத்தினி நாள் கழிச்சி வருதுன்னும் பாப்போம்."

"எலிக்கு நான் சீர் செய்யணுமா? ஊரு சிரிக்கும்" என்றார் காசி.

"சிரிக்கட்டும். வழிய வழிய அள்ளாதீங்க. தலை தட்டி, ஒரே அளவு."

அவர் கையில் தன் கொட்டாங்கச்சியைத் திணித்தாள். நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். தேதிக்குக் கீழே, போடுபவர் என்ற இடத்தில் காசி பெயரையும், அளப்பவர் என்ற இடத்தில் சின்னக்குழந்தை பெயரையும் எழுதினேன். எட்டிப் பார்த்தவள் சொன்னாள்:

"எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க தம்பி."